நான் எதையும் தாண்டி வரவில்லை

போன மாதம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் என் இரண்டாவது சிறுகதைத் தொகுப்பை அறிமுகம் செய்தார்கள். மொத்தம் 26 பேர் வந்திருந்தார்கள். அதில் ஒன்பது பேர் என் சொந்தக்காரர்கள். டீயும் மெதுவடையும் உண்டு என்று முன்னாலேயே சொல்லிவிட்டதால் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை.

பேச வந்தவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். நல்ல மனிதர், எனக்கு நண்பர். புத்தகத்தை உண்மையிலேயே படித்துவிட்டு வந்திருந்தார் (இது அபூர்வம் என்று கூட்டங்களுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்). கதைகளைப் பற்றி நான்கைந்து நல்ல வார்த்தை சொன்னார். பிறகு, "சார் சின்ன வயசில் துப்பறியும் கதை, பேய்க் கதை என்று படித்து வளர்ந்தவர். நல்லவேளை, அதையெல்லாம் தாண்டி இலக்கியத்துக்கு வந்துவிட்டார்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே கைகூப்பினேன். மேடையில் வேறு என்ன செய்வது? ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் எதைத் தாண்டி வந்தேன் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். என் தலைமாட்டில் அன்றும் இருந்தது ஜார்ஜ் சிமெனான் ஒன்று, ஷெர்லி ஜாக்சன் ஒன்று. வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, இரண்டு முட்டியும் வலிக்கிறது, மாடிப்படியைத் தாண்டுவதே பெரும்பாடு. இவற்றை மட்டும் தாண்டவில்லை, தாண்டும் உத்தேசமும் இல்லை.

நண்பருக்கு மேடையில் சொல்லாத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். அவர் இதைப் படிப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

முதலில் நான் எங்கிருந்து வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எட்டாவது படிக்கும்போது எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. சைக்கிள் கடைக்காரர், கடையின் பின்பக்கத்தில் நான்கு அலமாரி வைத்து நடத்தினார். புத்தகங்களில் கிரீஸ் கறை இருக்கும். அங்கேதான் தமிழ்வாணனின் சங்கர்லாலைப் பிடித்தேன். அந்த ஆள் எந்த ஊருக்குப் போனாலும் தேநீர் குடித்துவிட்டுத்தான் யோசிப்பார். நானும் வீட்டில் டீ கேட்டு அடம்பிடித்தேன், அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தேவனின் துப்பறியும் சாம்பு, அப்புறம் சுஜாதா. 'நைலான் கயிறு' படித்த அன்று, தமிழ் வாக்கியம் இவ்வளவு வேகமாக ஓடுமா என்று ஆச்சரியமாக இருந்தது. இங்கிலீஷ் புத்தகங்களுக்குப் போனது வேலைக்குச் சேர்ந்த பிறகு, நடைபாதைக் கடையில், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு. அகதா கிறிஸ்டியிடம்தான் நான் இங்கிலீஷ் கற்றேன். அதனால் இன்றைக்கும் எனக்கு விஷங்களின் பெயர் தெரியும், காய்கறிகளின் பெயர் தெரியாது.

துப்பறியும் கதையையும் பேய்க் கதையையும் நண்பர் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னாரே, அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1841-இல் எட்கர் ஆலன் போ 'ரூ மார்க் கொலைகள்' எழுதினார். துப்பறியும் கதையின் தொடக்கம் அதுதான் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். அதே போ, இரண்டு வருஷம் கழித்து, தான் கொன்று தரைப் பலகைக்குக் கீழே புதைத்த கிழவனின் இதயம் துடிப்பதைக் கேட்கும் ஒருவனின் கதையையும் எழுதினார். முதல் கதையில் வெளியிலிருந்து ஒருவன் உண்மையைத் தேடி வருகிறான். இரண்டாவதில் உண்மையே உள்ளேயிருந்து தட்டுகிறது. இந்த இரண்டு வேலையையும்தான் கிரைம் கதைக்காரர்களும் இருட்டுக் கதைக்காரர்களும் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு சாவு நடந்தால், அதை அப்படியே மூடிவிட்டுப் போக இவர்கள் விடமாட்டார்கள். நான் இவர்களைப் படிப்பதற்கு இதுதான் காரணம்.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. சொல்கிறேன்.

நான் வருவாய்த் துறையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவன். அதில் சில வருஷங்கள் ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை. 1983-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் தற்கொலை என்றோ சந்தேகத்துக்கிடமாகவோ இறந்துபோகும் பெண்களின் சாவைப் பற்றி ஆர்.டி.ஓ. விசாரிப்பார். அம்மா, அப்பா, மாமியார், புருஷன், அக்கம்பக்கத்தார் என்று ஒவ்வொருவராக வந்து சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதப்படும். அதை நான்கு கார்பன் வைத்து டைப் அடிப்பது என் வேலை.

'தீராத வயிற்றுவலி' என்ற வார்த்தையை நான் எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். மூன்றாம் பக்கத்தில், ஒரு பத்திச் செய்தியில், நான்கே வரி. வயிற்றுவலி தாங்காமல் இளம்பெண் சாவு. நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் அப்படி ஒரு வயிற்றுவலி எங்கிருந்து வந்தது என்று எந்த டாக்டரும் ஆராய்ச்சி செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் இருபத்துமூன்று வயசுப் பெண்ணின் கட்டு வந்தது. ஐந்து வாக்குமூலம். ஐந்திலும் வயிற்றுவலி, ஏறக்குறைய ஒரே வாக்கியம். அதில் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி மட்டும் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு மத்தியானம் அந்தப் பெண் தன்னிடம் வந்து உழக்கு உளுந்து கடன் வாங்கிப் போனாள், இட்லிக்கு அரிசி ஊறப்போட்டிருந்தாள் என்று. சாயங்காலம் செத்துப்போனாள்.

அந்த வரியை அடித்ததும் என் விரல் நின்றுவிட்டது. நாளைக்கு இட்லிக்கு அரிசி ஊறப்போட்டவள், பக்கத்து வீட்டில் உளுந்து கடன் வாங்கினவள், அன்றைக்கே போய்விடுவாளா? சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அந்த வாரம் நான் படித்துக்கொண்டிருந்த கிறிஸ்டி. சமையல்கட்டில் இருக்கும் சாதாரணப் பொருளைப் பார்த்து, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தது அந்த அம்மாள்தான்.

ஹெட் கிளார்க்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீ துப்பறியும் சாம்பு ஆகவேண்டாம். டைப்பை மட்டும் பாரு. பெத்தவங்களே கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்றார். நான் திரும்பிப் போய் மிச்சத்தை அடித்தேன். கட்டு முடிந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஊறப்போட்ட அரிசி எதையும் நிரூபிக்காது. மனுஷ மனசு ஒரு மணி நேரத்தில் மாறிவிடும். அந்த வீட்டில் யாரும் எந்தத் தப்பும் செய்யாமலேகூட இருந்திருக்கலாம். யார் மேலும் நான் பழி போடவில்லை. ஆனால் அது கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி. நான் ஆர்.டி.ஓ.விடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை புதுசு, தங்கை கல்யாணம் பாக்கி, பயம்.

பல வருஷம் கழித்து ஒரு ராத்திரி இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஏங்க, அந்த அரிசியை அப்புறம் யாரு ஆட்டினா?" என்று கேட்டாள். என் தொகுப்பில் ஏழாவதாக இருக்கிற கதை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. நண்பர் மேடையில் மிகவும் பாராட்டிய கதையும் அதுதான். "இலக்கியத்துக்கு வந்துவிட்டார்" என்று அவர் சொன்னது அதை வைத்துத்தான். அய்யா, அது துப்பறியும் கதை! கடைசியில் குற்றவாளி பிடிபடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி, இந்த எழுத்தைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் குறை: முடிவு தெரிந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம், இரண்டாம் தடவை படிக்க ஒன்றும் இல்லை. இப்படிச் சொல்கிறவர்களுக்கு கிறிஸ்டி 1926-இல் எழுதிய 'ரோஜர் ஆக்ராய்ட் கொலை' நாவலைக் கொடுப்பேன். முடிவைச் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள். ஆனால் முடிவு தெரிந்தபின் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தால், முதல் தடவை நீங்கள் படித்தது வேறு ஒரு புத்தகம் என்பது தெரியும். எதுவும் மறைக்கப்படவில்லை, எல்லாம் கண்ணெதிரே இருந்தது, நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு எழுத்தாளன் வாசகனிடம் இதைவிட நேர்மையாக இருக்க முடியுமா? 'வாசிப்பு என்பது மறுவாசிப்பே' என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை.

சிமெனானை எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் பிறந்து பிரெஞ்சில் எழுதினவர். இன்ஸ்பெக்டர் மேக்ரேயை வைத்து மட்டும் 75 நாவல்கள். மேக்ரே பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தரையில் ஊர்ந்து போவதில்லை. செத்தவர் வாழ்ந்த தெருவுக்குப் போவார், அங்கே இருக்கும் கடையில் உட்கார்ந்து பைப் பிடிப்பார், ஒரு கிளாஸ் குடிப்பார், செத்தவர் எப்படி வாழ்ந்தார் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்வார். வாழ்ந்தது புரிந்தால் செத்தது தானாகப் புரியும். குற்றவாளி அகப்பட்ட பிறகு அவருக்குச் சந்தோஷம் வராது. பெரும்பாலும் மனசு கனத்துப்போய் மனைவி சமைத்ததைச் சாப்பிட வீட்டுக்குப் போவார். எங்கள் விசாரணை அறையில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த உளுந்தைப் பற்றிக் கேட்டிருப்பார்.

இரண்டாவது குறை: இது வன்முறையைக் கற்றுக்கொடுக்கிறது. பாட்ரீஷியா ஹைஸ்மித் 1955-இல் எழுதிய டாம் ரிப்ளியின் முதல் நாவலைப் படியுங்கள். ரிப்ளி ஒரு கொலை செய்கிறான், பிறகு இன்னொன்று. போலீஸ் நெருங்கி வரும்போது நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. யாருக்காக என்று யோசித்தால் வெட்கமாக இருக்கும். நாம் கொலைகாரனுக்காகப் பயந்துகொண்டிருக்கிறோம்! அவன் தப்பிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். நமக்குள்ளே இப்படி ஒரு ஆள் இருக்கிறான் என்பதை எனக்கு எந்த நீதிபோதனை வகுப்பும் சொன்னதில்லை. அந்த நாவல் சொன்னது. படித்துவிட்டு நான் யாரையும் கொல்லப் போகவில்லை. 'பெத்தவங்களே கையெழுத்துப் போட்டுட்டாங்க' என்று சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அந்த நிம்மதியை நினைத்துப் பார்த்தேன்.

மூன்றாவது குறை: பேய், ரத்தக்காட்டேரி என்று மூடநம்பிக்கையை வளர்க்கிறது. இதைப் பகுத்தறிவாளர்களும் சொல்கிறார்கள், பக்திமான்களும் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒத்துப்போகிற விஷயம் ஊரில் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர் யார் தெரியுமா? நம்ம ஆள். டப்ளினில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். சிறு நீதிமன்ற எழுத்தர்களின் கடமைகளைப் பற்றி, எழுத்தர்களுக்காகவே ஒரு கையேடு எழுதினார். 1879-இல் அது வெளிவந்தது. பதினெட்டு வருஷம் கழித்து, 1897-இல், 'டிராகுலா'. அந்த நாவலை ஒரு குமாஸ்தா கண்ணோடு பார்த்தால் அது ஒரு ஃபைல். டயரிக் குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிவைத்திருக்கும். அதை அடுக்கி, டைப் அடித்து, நகல் எடுத்து வைப்பது மீனா என்ற பெண். காட்டேரியை ஜெயிப்பதில் சிலுவைக்கும் பூண்டுக்கும் எவ்வளவு பங்கோ அதே பங்கு அவளுடைய டைப்ரைட்டருக்கும் உண்டு. கடைசியில் மூல ஆவணம் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை, டைப் அடித்த தாள்தான் இருக்கிறது, இதை யார் நம்புவார்கள் என்று அவர்களே கவலைப்படுகிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத் தாள்களோடு வாழ்ந்தவன் நான். அந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் காட்டேரியைவிட அந்தத் தாள்கட்டுதான் பயமாக இருந்தது.

ஷெர்லி ஜாக்சனின் 'லாட்டரி' என்ற சிறுகதையில் பேயே கிடையாது. 1948 ஜூனில் 'நியூ யார்க்கர்' பத்திரிகையில் வந்தது. நல்ல வெயில் காலத்துக் காலை. ஒரு சின்ன ஊர். சனங்கள் மைதானத்தில் கூடி, ஒரு பழைய கறுப்புப் பெட்டியிலிருந்து வருஷா வருஷம் வழக்கப்படி சீட்டு எடுக்கிறார்கள். ஏன் எடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சீட்டு விழுந்தவருக்கு என்ன பரிசு என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கதைக்காக ஜாக்சனுக்கு அந்தக் கோடையில் 300-க்கு மேல் கடிதங்கள் வந்தன, அதில் திட்டும் நிறைய. சிலர் மட்டும், இது எந்த ஊரில் நடக்கிறது, போய் வேடிக்கை பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்களாம். ஜாக்சனே பின்னால் சொல்லியிருக்கிறார். மூடநம்பிக்கையை வளர்க்கும் கதையா இது? வழக்கம் என்ற பெயரில் ஊரே சேர்ந்து செய்கிற காரியத்தில் யாருக்கும் குற்ற உணர்ச்சி வராது என்பதை இதைவிடப் பச்சையாகச் சொன்ன யதார்த்தக் கதை எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கம் வாருங்கள். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை எல்லோரும் இலக்கியம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ராத்திரியில் வீட்டுக்குள் வந்து போகிற ஒரு வாசனை, எங்கிருந்தோ வந்து வேலைக்குச் சேர்கிற ஒரு பெண். அது பேய்க் கதை இல்லாமல் வேறென்ன? எழுதினவர் பெரியவராக இருந்தால் பேய்க்கும் பதவி உயர்வு கிடைத்துவிடுகிறது.

பழையனூர் நீலியைக் கேளுங்கள். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். என் பாட்டி சொன்னது இப்படி: புருஷன் கட்டின பெண்டாட்டியைக் கொன்றுவிடுகிறான். அவள் அடுத்த பிறவியில் பேயாக வந்து, கள்ளிக் கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையில் அழுது, அவனைத் தன்னோடு அனுப்பவைத்துப் பழி தீர்க்கிறாள். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று உயிரைப் பணயம் வைத்து வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் தீயில் இறங்குகிறார்கள். குற்றமும் பேயும் சேர்ந்த கதை, நம்முடைய சொந்தச் சரக்கு. அதிலிருந்து நம் மொழி எதை எடுத்து வைத்துக்கொண்டது? 'நீலிக் கண்ணீர்'. அவள் அழுதது பொய் என்பது மட்டும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. அவளைக் கொன்றது நிஜம் என்பது மறந்துவிட்டது. கொன்றவன் பெயரில் ஒரு பழமொழியும் இல்லை. பேய்க் கதையை முழுசாகக் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. பாதிக் கதையைப் பழமொழியாக்கினால் இப்படித்தான்.

பேராசிரியர் நண்பருக்குச் சிலப்பதிகாரம் தலைகீழ்ப் பாடம். அவரையே கேட்கிறேன். பொற்கொல்லன் வார்த்தையை நம்பி, விசாரிக்காமல் ஒரு மன்னன் கொடுத்த கொலைத் தண்டனைதானே மதுரைக் காண்டம்? கண்ணகி சபையில் வந்து அழுதுவிட்டு மட்டும் போகவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. உடைத்துக் காட்டினாள். சாட்சிப் பொருளை வைத்து வழக்கை ஜெயித்த முதல் தமிழச்சி அவள். அதற்கு அடுத்து நடப்பது ஊரே எரிவது. முதல் பாதி கிரைம், மறுபாதி இருட்டுக் கதை. இதை இளங்கோ எழுதினால் காப்பியம், இன்னொருவர் மாதா மாதம் எழுதினால் குப்பையா?

குப்பை இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வக்காலத்து வாங்குகிறேன் என்பீர்கள். பஸ் நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களில் நான் படித்தது நூற்றுக்கணக்கில். ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல் எழுதியிருக்கிறார். பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, அமானுஷ்யத்துக்கு இந்திரா சௌந்தர்ராஜன் என்று ஒரு தலைமுறையே அவர்களிடம் படிக்கக் கற்றுக்கொண்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே படித்த எத்தனையோ பேரை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மாத நாவல்களில் பலவற்றின் அட்டையில் செத்துக் கிடக்கிற பெண்ணுக்குச் சேலை சரியாக இருக்காது. உள்ளே அவள் யார், என்ன படித்தாள், எதற்குச் சிரிப்பாள் என்று ஒரு வரி இருக்காது. இன்ஸ்பெக்டர் சந்தேகப்பட்டவனை அறைவார், அவன் உடனே உண்மையைக் கக்கிவிடுவான். நிஜ ஸ்டேஷனில் அறைந்தால் பொய்தான் வரும் என்று வருவாய்த் துறையில் இருந்த எனக்கே தெரியும். இவையெல்லாம் குறைதான். இந்தக் குறைகளை நான் ஏன் குறை என்கிறேன் என்றால், அவை அந்த எழுத்தின் சொந்த தர்மத்தையே மீறுகின்றன. செத்தவளைப் பற்றிக் கேட்காத கிரைம் நாவலும், நான்கு வரி வயிற்றுவலிச் செய்தியும் எனக்கு ஒன்றுதான். ஆனால் மோசமான கவிதை வருகிறது என்பதற்காகக் கவிதையைத் தாண்டி வரச் சொல்லி யாரும் யாரையும் பாராட்டுவதில்லையே.

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் இல்லை. 2003-இல் ஸ்டீபன் கிங்குக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கம் கொடுத்தது. ஹரால்ட் ப்ளூம் என்ற பெரிய விமர்சகர் கொதித்துப்போய் எழுதினார். கிங் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, வெகுசன எழுத்தாளர்களையும் படியுங்கள் என்று அந்த மேடையிலேயே கேட்டுக்கொண்டார். அவருடைய முதல் நாவல் 'கேரி'. எழுதிய முதல் பக்கங்களை அவர் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார், மனைவிதான் எடுத்துப் படித்து, மேலே எழுதச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து கேலி செய்கிற ஒரு பெண்ணின் கதை அது. குப்பைக் கூடையிலிருந்து வந்த அந்தப் பெண்ணை நான் இன்னும் மறக்கவில்லை. அதே வருஷம் படித்த விருது நாவல்கள் பலவற்றின் தலைப்புகூட ஞாபகம் இல்லை.

என்னைப் போல ஓய்வு பெற்று எழுத உட்காருகிறவர்களுக்கும் இவர்களிடம் ஒரு ஆறுதல் உண்டு. ரேமண்ட் சாண்ட்லர் எண்ணெய்க் கம்பெனி வேலை போன பிறகுதான் எழுத வந்தார். முதல் நாவல் 1939-இல், ஐம்பது வயதில். பி.டி. ஜேம்ஸ் என்ற அம்மாள் ஆஸ்பத்திரி நிர்வாகத்திலும் பிறகு இங்கிலாந்தின் உள்துறையிலும் 1979 வரை உத்தியோகம் பார்த்தவர். புருஷன் போரிலிருந்து மனநலம் கெட்டுத் திரும்பினார். இரண்டு பெண் குழந்தைகள். வேலைக்குக் கிளம்பும் முன் விடியற்காலையில் எழுந்து எழுதி, 42 வயதில் முதல் நாவலைக் கொண்டுவந்தார். ஃபைல் பார்த்த கை அது என்று ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள் என்பதில் ஒரு பிசகு இருக்காது.

ஆகவே, நண்பரே, நான் எதையும் தாண்டி வரவில்லை. வந்த வழியிலேயே இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன். அந்த வழியில் எனக்குக் கிடைத்த கேள்வியை ஒரு நாள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டேன். அதை முப்பது வருஷம் கழித்துக் கதையில் கேட்டேன். கதையில் கேட்டதால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்களைச் சின்ன வயசுத் தப்பு மாதிரி மேடையில் சொல்லும்போது நான் சிரித்துக் கைகூப்பியது, இரண்டாவது தடவை வாயை மூடிக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பேச என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். 'லாட்டரி' கதையை ஆறு பிரதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், முதல் பிரதி பேராசிரியருக்கு. டீ, வடை என் செலவு. நூலகர் மட்டும், "சார், பேய்க் கதைன்னா சீக்கிரம் முடிச்சிருங்க, ராத்திரி நான் தனியா பூட்டணும்" என்று சொல்லியிருக்கிறார்.